திரையில் எலி ஓடினால் உளவியல் புரிந்துவிடுமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுக உளவியல் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர். பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். கம்ப்யூட்டர் லேபில் 20 சிஸ்டம்தான். நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். சிமுலேஷன் வைத்து நடத்தினால் பாடம் நன்றாகப் புரியும் என்கிறார்கள். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். சிமுலேஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு புழங்குகிறது. ஒன்றில் மாணவரே சோதனைக்கு உட்படுகிறார்: திரையில் சொல் வரும், அவர் கீயை அழுத்துவார், கம்ப்யூட்டர் நேரத்தை அளக்கும். பெயர்தான் சிமுலேஷன், நடப்பது அசல் சோதனை. இன்னொன்று, ஸ்னிஃபி என்ற மெய்நிகர் எலி மாதிரி. விலங்கு எப்படிக் கற்கிறது என்று பார்க்கும் சோதனைக் கூண்டான ஸ்கின்னர் பெட்டிக்குள் உலாவும். நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும். அந்த எலி எப்படிக் கற்கும் என்பதை நிரல் எழுதியவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். கொள்கையை விளக்க அது போதும். கொள்கையை நிரூபித்துவிட்டோம் என்று மாணவர்கள் எழுதிக் கொடுத்தால் மட்டும் மார்க் போடாதீர்கள்.

உங்கள் வகுப்புக்கு என் ஓட்டு முதல் வகைக்கே. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனையில் தொடங்குங்கள். 'சிவப்பு' என்ற சொல் பச்சை நிறத்தில் வரும். சொல்லை விட்டுவிட்டு நிறத்துக்கான கீயை அழுத்த வேண்டும். வாசிப்பு தானாகவே நடந்துவிடுவதால் சொல் குறுக்கே வந்து விழும், விரல் தயங்கும். இணையத்தில் தயாராகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஆங்கில நிறப்பெயர்கள்தான். சரளமாக வாசிக்காத மொழி அவ்வளவாகக் குறுக்கிடாது. அப்படியே எடுத்து நடத்திவிட்டு, "ஒன்னும் வரலைங்களே" என்று முழிக்க வேண்டியிருக்கும்.

சைக்கோபை என்ற இலவச மென்பொருளை நிறுவிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும். அதோடு வரும் மாதிரிச் சோதனைகளில் ஸ்ட்ரூப்பும் உண்டு. சொற்களும் நிறங்களும் ஒரு எக்செல் பட்டியலில் இருக்கும். ஆங்கிலச் சொல்லை அழித்துத் தமிழ்ச் சொல்லைத் தட்டச்சு செய்து, தமிழ் எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. அப்புறம் பாதிப் பேர் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்கும், மீதிப் பேர் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கும் போகட்டும். எந்த மொழி அதிகம் குறுக்கிட்டது என்ற கேள்விக்கு உங்கள் வகுப்புத் தரவே பதில் சொல்லும். பாடநூலில் இல்லாத கேள்வி என்பதால் மாணவர்களுக்கும் ஆர்வம் வரும்.

ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர் உட்காரட்டும், முறை போட்டுச் செய்யட்டும். பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கும் ஸ்ட்ரூப் தடுமாற்றம் வரத்தான் செய்யும், கவலை வேண்டாம். மொபைலில் செய்யலாமா என்று கேட்பார்கள். சொல்லும் நிறமும் ஒத்துப்போகும்போது ஆகும் நேரத்துக்கும் ஒத்துப்போகாதபோது ஆகும் நேரத்துக்கும் நாம் தேடும் வித்தியாசமே ஏறக்குறைய 100 மில்லி வினாடிதான். தொடுதிரையின் தாமதமோ போனுக்குப் போன் மாறும். ஒரே போனில் ஒருவரின் இந்த இரண்டு வகை நேரங்களைக் கழித்துப் பார்த்தால் அந்தத் தாமதம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஒருவர் வேகத்தை இன்னொருவர் வேகத்தோடு ஒப்பிடுவதுதான் கூடாது.

எதை நடத்தினாலும், தொடங்கும் முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதியாக வேண்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு இயற்பியல் செய்முறைகளைப் பற்றியது. சும்மா வேடிக்கை பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதுவும் புரிந்துகொள்ளவில்லை. முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. உளவியல் வகுப்புக்கும் இதுவே பொருந்தும் என்பது என் கருத்து.

எலி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வலுவூட்டல் அட்டவணைகளுக்கு, அதாவது எத்தனை முறை செய்தால், எப்போது செய்தால் பரிசு என்ற விதிகளுக்கு, அது கைகொடுக்கும். ஆனால் எலியைக் காட்டிவிட்டு திருப்பூருக்கு வாருங்கள். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் உங்கள் மாணவர்களின் வீட்டிலோ சொந்தத்திலோ கட்டாயம் இருப்பார்கள். இத்தனை பீஸுக்கு இவ்வளவு என்பது பார்வைக்கு அப்படியே நிலைவிகித அட்டவணைதான் (குறிப்பிட்ட தடவை செய்தால் ஒரு பரிசு). ஷிப்ட் சம்பளத்துக்கும் பீஸ் ரேட்டுக்கும் வேகம் எப்படி மாறுகிறது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பிறகு குடையுங்கள்: எலிக்குத் தீனி உடனே விழுகிறது, தைப்பவருக்குப் பணம் சனிக்கிழமைதானே? இடைப்பட்ட நாட்களில் கையை ஓட்டுவது எது? கணக்கு நோட்டா, மேஸ்திரியா, வீட்டுக் கடனா? நிரலுக்குள் இல்லாதது எது என்று மாணவர்களே பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலுக்குத் தாராளமாக மார்க் போடலாம்.

நியூரான் (நரம்பு செல்) பாடத்துக்கு மட்டும் சிமுலேஷனுக்கு மாற்று கிடையாது. அயனிகள் சவ்வைக் கடப்பதை எந்தக் கல்லூரி லேபில் கண்ணால் காட்ட முடியும்? கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் நியூரான் சிமுலேஷன் இலவசம். தரவிறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போன நாளில் பொய் நினைவுச் சோதனை. பாய், தலையணை, கொட்டாவி, கனவு, குறட்டை என்று ஒரு பதினைந்து சொல்லை வாசித்து, சற்றுப் பொறுத்து எழுதச் சொன்னால், நீங்கள் சொல்லாத 'தூக்கம்' பல தாள்களில் இருக்கும். ரோடிகரும் மெக்டெர்மட்டும் 1995-இல் பிரபலப்படுத்திய முறை இது. இதை மட்டும் 60 பேருக்கும் ஒரே நேரத்தில் நடத்துங்கள். விஷயம் வெளியே கசிந்தால் போச்சு.

முடிவுகளை வகுப்புச் சராசரியாகவே காட்டுங்கள், தாளில் பெயருக்குப் பதில் ஒரு எண் போதும். "எனக்கு நேரம் அதிகமா வந்திருக்கு, நான் மக்குங்களா?" என்று யாராவது கேட்பார்கள்; இது அறிவை அளக்கும் சோதனை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறியச் சிரமப்படும் மாணவர் இருக்கலாம். அவரை எழுப்பி விசாரிக்காமல், நிறப் பட்டியலிலேயே நீலமும் மஞ்சளும் வைத்துவிடுங்கள்.