எதிர்த்தரப்பு வக்கீலிடம் தன்மையாகப் பேசினால் கட்சிக்காரருக்குத் துரோகமா?

"புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீலிடம் தன்மையாகப் பேசினால் என் கட்சிக்காரர் சந்தேகப்படுகிறார். எங்கே கோடு போடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

துரோகம் இல்லவே இல்லை. நிதானம் தவறியதால் நான் ஒரு கட்சிக்காரருக்குச் செய்த கெடுதலைச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம். கடன் வழக்கு ஒன்றில் பிரதிவாதியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். பத்திரத்தில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று அவர் ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். அப்போது எதிர் வக்கீல் எழுந்து ஆட்சேபணை சொன்னார். "சாட்சிக்குப் பதில் எடுத்துக் கொடுக்கிறீர்களா?" என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, குரல் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் நீதிபதி பேனாவை மூடி மேசையில் வைத்திருந்தார். சத்தம் அடங்குவதற்குள் சாட்சி தண்ணீர் குடித்து நிதானத்துக்கு வந்துவிட்டார். வரவேண்டிய வார்த்தை வரவே இல்லை. வெளியே வந்ததும், "நல்லாக் கொடுத்தீங்க சார்" என்றார் கட்சிக்காரர். அவருக்கு என்ன நஷ்டம் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பாராட்டு இன்றும் உறுத்துகிறது.

1820ல் இங்கிலாந்து ராணி கரோலினுக்காக வாதாடிய ஹென்றி புரூம், வக்கீலுக்கு உலகத்தில் தன் கட்சிக்காரர் ஒருவரைத்தான் தெரியும் என்று பேசினார். முரட்டுத்தனமாக நடப்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 1864ல் ஒரு விருந்தில், புரூமை வைத்துக்கொண்டே, தலைமை நீதிபதி காக்பர்ன் பதில் சொன்னார்: வக்கீல் தன் ஆயுதத்தைப் போர்வீரனைப் போல எடுக்க வேண்டும், ஒளிந்திருந்து கொல்பவனைப் போல அல்ல. நான் காக்பர்ன் கட்சி.

சரி, கோடு எங்கே? வாய்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிர் வக்கீல் வீட்டில் சாவு என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். அன்றைக்கு எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் வராததை வைத்து ஒருதலைப்பட்சமான தீர்ப்பு, கேட்டு நிற்காதீர்கள். அதே வக்கீல், தன் ஆள் சொத்தை விற்றுத் தீர்க்கும்வரை இழுக்கத்தான் கேட்கிறார் என்று தெரிந்தால் முழு மூச்சாக எதிர்க்க வேண்டும். அங்கே விட்டுக்கொடுத்தால் அதுதான் துரோகம்.

உங்கள் வாதத்துக்கு நேர் எதிரான முன்தீர்ப்பு இருந்து, எதிர்த்தரப்பு அதைக் காட்டத் தவறினாலும் நீங்களே காட்ட வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 1983 மாதிரி விதிகள் இதைக் கடமையாகவே வைத்திருக்கின்றன. காட்டிவிட்டு, இந்த வழக்குக்கு அது ஏன் பொருந்தாது என்று வாதாடலாம். மறைத்ததை நீதிபதியே கண்டுபிடித்தால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் சரிபார்க்காமல் நம்பமாட்டார்.

மரியாதை வாய்ப்பூட்டாகவும் ஆகிவிடக் கூடாது. கனடாவில் ப்ரீ-எக்ஸ் என்ற நிறுவனத்தின் தங்கச் சுரங்க மோசடி விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடிய ஜோ க்ரோயா என்ற வக்கீல், அரசுத் தரப்பு முறைதவறி நடப்பதாகக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். நாகரிகக் குறைவு என்று வழக்கறிஞர் ஒழுங்குமுறை அமைப்பு அவரைத் தண்டித்தது. 2018ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நல்லெண்ணத்தோடு, நியாயமான அடிப்படையோடு வைத்த குற்றச்சாட்டுக்காகத் தண்டிக்க முடியாது என்றது. அதனால் எதிர் வக்கீல் உண்மையிலேயே தவறு செய்தால் ஆதாரத்தோடு எழுந்து சொல்லுங்கள். அவர் செய்ததைப் பேசுங்கள், ஆளைப் பேசாதீர்கள்.

கட்சிக்காரரின் சந்தேகத்துக்கு வருகிறேன். வராந்தாவில் நீங்கள் எதிர் வக்கீலோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்தால், 'விலைபோய்விட்டார்' என்று அவர் நினைப்பது இயல்புதான். அவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. அதனால் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே நான் சொல்லிவிடுவேன்: "அந்த வக்கீலோட சிரிச்சுப் பேசுவேன். நியாயமா வாய்தா கேட்டா தருவேன். ஆனா நீங்க என்கிட்ட சொன்ன ஒரு வார்த்தைகூட அவர் காதுக்குப் போகாது. இது சரிப்படும்னா கையெழுத்துப் போடுங்க." ஓரிருவர் எழுந்து போயிருக்கிறார்கள். இருந்தவர்கள் அப்புறம் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.