யானை மேல் ஏறாத ஜனாதிபதி

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். பேத்தி பறக்கும் யானைக்குள் உட்கார்ந்து சுற்றுகிறாள். யானையை ஏற்றி இறக்குவதும் அவளேதானாம்! நம் குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் சுற்றும் ஏரோப்ளேன் ராட்டினம் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. இதில் என்ன விசேஷம் வாத்தியாரே?
- வாசகர், ஆம்பூர்

பதில்: சரியாத்தான் பார்த்திருக்கீங்க, ரெண்டும் ஒரே சாதி. அந்த யானைக்குப் பெயர் டம்போ, டிஸ்னி கார்ட்டூன் படத்தில் பறக்கும் குட்டி யானை. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்கா திறந்தது 1955 ஜூலையில். மறு மாதமே இந்த ராட்டினமும் ஓட ஆரம்பித்தது. அப்போது 10 யானை, இப்போது 16. ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னி பூங்காவில் கூட்டம் தாங்காமல் 2012இல் பக்கத்திலேயே இன்னொன்றும் போட்டுவிட்டார்கள். ஒன்று இடமாகச் சுற்றும், மற்றது வலமாக.

விசேஷம் யானையை ஏற்றி இறக்கும் லீவரில் இருக்கிறது. சிரசுக்கு வருகிற ஏரோப்ளேன்களில் நான் பார்த்தவரை, ஏற்றுவதும் இறக்குவதும் ஆபரேட்டர்தான். அவர் பீடியைக் கீழே போட்ட பிறகுதான் நம்ம பிளேன் இறங்கும். டம்போவிலோ ஒவ்வொரு யானையிலும் ஒரு லீவர். வீட்டில் மின்விசிறி ஸ்விட்சைக்கூடத் தொட விடாத குழந்தையிடம் ஒரு யானையையே கொடுத்தால் அது இறங்க மனசு வைக்குமா?

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பாடம் எடுத்தவன், இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த வகை ராட்டினங்களில் பெட்டியைத் தாங்கும் இரும்புக் கையைத் தூக்கும் சிலிண்டர் (எண்ணெய் அல்லது காற்றின் அழுத்தத்தில் தள்ளும் குழாய்) பெரும்பாலும் நடுத்தூணை ஒட்டியே இருக்கும். கணக்குக்கு 6 மீட்டர் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீல் இருக்கும் இடத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி சிலிண்டர் தாங்குகிறது. அங்கே 20 சென்டிமீட்டர் தள்ளினால் நுனியில் பெட்டி 2 மீட்டர் எழும்பும். சும்மா கிடைக்கிற லாபமில்லை. பெட்டியின் பாரத்தைப்போல் பத்து மடங்கு விசை வேண்டும். அதனால்தான் கீலில் இருக்கும் பின் அவ்வளவு தடிமன்.

ஒரு கொசுறு. 1957இல் டிஸ்னிலேண்டுக்கு வந்த முன்னாள் ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் இந்த யானையில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். யானை ரிபப்ளிகன் கட்சிச் சின்னம், அவரோ டெமாக்ரட். நம்ம ஊரில் இரட்டை இலைக்காரரை உதயசூரியன் வரைந்த பெட்டியில் ஏறச் சொல்லிப் பாருங்கள், தெரியும்!

கேள்வி: என் பையனுக்கு மூன்று வயது. குதிரை ராட்டினத்தில் வெளி வரிசைக் குதிரைதான் வேண்டும் என்று அழுகிறான். உட்கார வைக்கலாமா ஐயா?
- வாசகி, காட்பாடி

பதில்: உள் வரிசைதான் அம்மா. நிமிடத்துக்கு 6 சுற்று போகிறது என்றால், நடுவிலிருந்து 2 மீட்டரில் இருக்கும் குதிரையின் வேகம் மணிக்கு சுமார் 4.5 கிலோமீட்டர், நாம் நடக்கிற வேகம். 4 மீட்டரில் இருக்கும் குதிரைக்கு 9. பையன் 12 கிலோ இருந்தால், வெளிக்குதிரையில் ஏறக்குறைய 2 கிலோ பாரம் அவனை வெளிப்பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கும். உள்ளே அதில் பாதி. பெரியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. கம்பியைப் பிடித்திருக்கும் மூன்று வயசுக் கைக்கு அது பெரிசு. நிறுத்தும்போதுதான் பிள்ளைகள் பிடியை விடும், அதனால் நீங்களும் பக்கத்தில் நின்றே போங்கள்.

டிக்கெட் வாங்குமுன் ஒரு நடை சுற்றி வாருங்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கீழே குனிந்து பாருங்கள். ஒரு திருவிழாவில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள்) ஸ்ப்ளிட் பின் (பெரிய பின் கழன்று விழாமல் தடுக்கும் சின்னப் பின்) இருக்க வேண்டிய ஓட்டையில் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். குதிரைக்கு மட்டும் புதுசாகக் கடிவாளம், ஜிகினா எல்லாம்! ராட்டினத்தின் கால்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்த பலகை ஓட்டத்தில் நகருகிறதா என்றும் கவனியுங்கள். நகர்ந்தால் பிள்ளை எவ்வளவு அழுதாலும் ஏற்ற வேண்டாம், ஒரு பஞ்சுமிட்டாயில் சமாதானம் ஆகிவிடுவான்.

கேள்வி: ராட்டினம் நின்ற பிறகும் தலை சுற்றுவது ஏன்?
- வாசகர், ஆரணி

பதில்: உள்காதில் இருக்கும் குழல்களில் ஒரு திரவம். நீங்கள் நின்றாலும் அது உடனே நிற்காது. கண் "நின்னுட்டோம்" என்று சொல்லும், காது "இன்னும் சுத்துறோம்" என்று சொல்லும். கொஞ்ச நேரம் எதையாவது நிலையாகப் பார்த்தபடி உட்காருங்கள். மிளகாய் பஜ்ஜிக் கடைக்கு அப்புறம் போகலாம்.