ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு மாறும் நோய்க்கிருமிகள் வெப்பநிலை மாற்றத்தை எவ்வாறு சமாளிக்கின்றன?

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். இதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். பெரும்போக வயலில் வெறுங்காலுடன் களை பிடுங்கிய அவளுடைய தந்தை, எலிக்காய்ச்சலால் பத்து நாள்கள் மருத்துவமனையில் கிடந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். "சேர், வயல் தண்ணியில இருந்த கிருமி அப்பாவின்ர உடம்புச் சூட்டுக்குள்ள போனவுடன செத்திருக்க வேணுமெல்லோ?" என்றாள். "பழகிக்கொள்ளும்" என்று ஒரே சொல்லில் அன்று விடை சொல்லிவிட்டேன். அது போதுமான விடை அன்று என்பது எனக்கே உறுத்தியதால், அதன்பின் தேடி வாசித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

வெப்பநிலை மாறும்போது ஒரு பற்றீரியக் கலத்துக்கு முதலில் பாதிப்பு நேர்வது அதன் மென்சவ்வில்தான். மார்கழி, தை மாத விடியலில் நம் குசினியில் தேங்காயெண்ணெய் வெண்மையாக உறைந்திருக்க, பக்கத்துப் போத்தலில் நல்லெண்ணெய் இளகியே இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பமிலங்கள் மிகுதி; அவற்றின் நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்வதால் சிறிது குளிர்ந்தாலும் இறுகிவிடுகின்றன. நல்லெண்ணெயில் மிகுந்துள்ள நிரம்பாத கொழுப்பமிலங்கள் வளைந்திருப்பதால் அப்படி அடுக்க முடிவதில்லை. பற்றீரியாவின் மென்சவ்வும் கொழுப்பினால் ஆனதே. குளிரில் வளரும்போது நிரம்பாத கொழுப்பமிலங்களையும், சூட்டில் வளரும்போது நிரம்பியவற்றையும் கூடுதலாகச் சேர்த்து, சவ்வு இறுகிப் போகாமலும் இளகிக் கசியாமலும் அது பார்த்துக்கொள்கிறது.

அடுத்தது புரதங்கள். சூடு கூடினால் அவை மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று திரளத் தொடங்கும். அதைத் தடுத்து மறுபடியும் மடித்துக் கொடுக்கும் காவற் புரதங்களைக் கலம் விரைவாக உருவாக்குகிறது. நம் குடலில் வாழும் ஈ. கோலை முதல் கொடிய கிருமிகள் வரை இந்த ஏற்பாடு உண்டு.

மாணவியின் கேள்விக்கு இவ்வளவும் பாதி விடைதான். இதுவரை சொன்னது உயிர் தப்புவதைப் பற்றியது. நோய்க்கிருமி அதற்கு மேலும் ஒன்றைச் செய்கிறது: மாறிய வெப்பநிலையைக் கொண்டு தான் எங்கே வந்திருக்கிறேன் என்பதை அறிகிறது. மண்ணும் நீரும் பூச்சியின் உடலும் காலநிலைக்கேற்பச் சூடாகிக் குளிர்கின்றன. முலையூட்டிகளின் உடலோ எந்தக் காலத்திலும் 37 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஆகவே 37 பாகை என்பது கிருமிக்கு மிக நம்பகமான செய்தி. அந்தச் செய்தி கிடைக்கும்வரை தாக்குதலுக்கான புரதங்களை ஆக்கி வீணாகச் சக்தியைச் செலவிடாமல் இருப்பதே அதற்கு இலாபம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று பிளேக் கிருமி. 1914 இல் கொழும்புக்கும் வந்துசேர்ந்த இந்நோயின் கிருமி, எலித்தெள்ளின் உடலிலும் எலி, மனிதர் ஆகியோரின் குருதியிலும் மாறிமாறி வாழ்கிறது. தெள்ளினுள், 30 பாகைக்குக் குறைந்த சூட்டில், பசைபோன்ற படலம் ஒன்றை உருவாக்கி அதன் முன்குடலை அடைத்துவிடுகிறது. குடித்த குருதி உள்ளே போகாததால் பசி தீராத தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கிறது. கடிக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிகளைக் கடிவாயில் கக்குகிறது. 37 பாகையுள்ள உடலுக்குள் நுழைந்ததும் அந்தப் படலத்தை ஆக்குவது நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக, வெண்குழியங்கள் விழுங்க முடியாதபடி தன்னைச் சுற்றி ஓர் உறையையும், அக்குழியங்களுக்குள் நச்சுப் புரதங்களைச் செலுத்தும் ஊசி போன்ற அமைப்பையும் கிருமி உருவாக்குகிறது. வெளிச்சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறுகூட மாறுகிறது: தெள்ளின் சூட்டில் ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகளைக் கொண்டிருந்தது, 37 பாகையில் பெரும்பாலும் நான்கோடு நின்றுவிடுகிறது. நம் நிர்ப்பீடனத் தொகுதி எளிதில் இனங்காண்பது ஆறு சங்கிலி வடிவத்தைத்தான். நான்கு சங்கிலிகளோடு வரும் கிருமி எச்சரிக்கை மணியை அடிக்காமலே பெருகிவிடுகிறது. இதை முதன்முதலில் வாசித்த இரவில் எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

கண்ணோ நரம்போ இல்லாத ஒரு கலம் சூட்டை அறிவது எப்படி என்று கேட்டால், எனக்கு மிகவும் பிடித்த விடை தூது ஆர்.என்.ஏ. பற்றியது. புரதம் ஆக்குவதற்கான செய்தியைத் தாங்கும் இந்த நீண்ட இழை, குளிரில் தன்மீதே மடிந்து, புரதத்தை ஆக்கும் பொறியான இறைபோசோம் வந்து பற்ற வேண்டிய இடத்தை மறைத்துக்கொள்கிறது. செய்தி எழுதப்பட்டிருந்தும் அதை வாசிக்க இயலாது. 37 பாகையை நெருங்கும்போது மடிப்பைப் பிடித்திருக்கும் மெல்லிய ஐதரசன் பிணைப்புகள் தளர, இடம் வெளிப்பட்டுப் புரத ஆக்கம் தொடங்குகிறது. பிளேக் கிருமியின் தாக்குதல் அமைப்பைத் தொடக்கிவைக்கும் புரதம் இவ்வழியில்தான் கட்டுப்படுத்தப்படுகிறது. குளிர்சாதனப் பெட்டியிலும் வளரக்கூடிய லிஸ்டீரியா கிருமியின் முதன்மைக் கட்டுப்பாட்டுப் புரதமும் இவ்வாறே 37 பாகையில் விழித்துக்கொள்வதை 2002 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாவில் இதே வேலையை டி.என்.ஏ. இழையின் வளைவு செய்கிறது: குளிரில் வளைந்த இழையை ஒரு புரதம் பற்றிப் பூட்டிவைக்கிறது, ஏறக்குறைய 32 பாகைக்கு மேல் வளைவு நிமிர, பூட்டும் கழல்கிறது.

எல்லாக் கிருமிகளும் இப்படி எல்லாச் சூட்டுக்கும் இசைந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோழியின் உடற்சூடு 41 முதல் 42 பாகை. அந்திராக்ஸ் நோய் கோழிகளுக்கு இலேசில் வராததன் காரணம் இந்தச் சூடாக இருக்கலாம் என்று எண்ணிய லூயி பாஸ்டர், 1878 இல் கிருமி ஏற்றிய ஒரு கோழியின் உடலின் கீழ்ப்பகுதியை 25 பாகை நீரில் அமிழ்த்தி வைத்தார். உடல் குளிர்ந்த கோழி நோயால் இறந்தது. இன்னொன்றை நோய் தொடங்கிய பின் வெளியே எடுத்துச் சூடேற்ற, அது பிழைத்துக்கொண்டது. பின்னர் அதே கிருமியை 42, 43 பாகையில் வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1881 இல் ஆடுமாடுகளுக்கான தடுப்பூசியைப் பலர் முன்னிலையில் சோதித்துக் காட்டினார். அந்தச் சூட்டில் கிருமி நச்சுக்குரிய பரம்பரையலகுகளைத் தாங்கிய டி.என்.ஏ. வளையத்தை இழந்துவிடுகிறது என்பது ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. தொழுநோய்க் கிருமி இதற்கு மறுபக்கம். 37 பாகையே அதற்கு மிகை என்பதால் உடலின் குளிர்ந்த இடங்களான தோல், மூக்கு, காதுமடல், தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் ஆகியவற்றையே அது நாடுகிறது.

இனி எலிக்காய்ச்சல். ஆய்வுகூடங்களில் அதன் கிருமியான லெப்டோஸ்பைராவை 28 முதல் 30 பாகையில் வளர்க்கிறார்கள். நம் மாரிகால வயல் நீர் அதற்கு வெகு தொலைவில் இல்லை. எலியின் சிறுநீரகத்தில் அதற்கு நோய் தராமல் குடியிருந்து, சிறுநீரோடு வயலுக்கு வந்து, காலில் உள்ள வெடிப்பு வழியே நம் குருதிக்குள் செல்லும் இக்கிருமி, அங்கே வெப்பத்தை மட்டும் நம்புவதில்லை. 37 பாகையில் தன் வெளிச்சவ்வின் ஒரு புரதத்தை ஆக்குவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆனால் நம் இழையங்களைப் பற்றிக்கொள்ள உதவும் 'லிக்' எனும் புரதங்களைப் பெருக்குவதற்கு உப்பின் அளவையும் பார்க்கிறது. வயல் நீரைவிடக் குருதி உப்பு மிகுந்தது. அந்த உப்புநிலையை உணர்ந்த சில மணி நேரத்திலேயே அப்புரதங்கள் கூடுகின்றன. வெயிலில் சூடேறிய வயல் நீரையும் உடலையும் பிரித்தறிவதற்கு இது உதவுமென்றே எனக்குத் தோன்றுகிறது.

எனவே உடம்புச் சூடோ காய்ச்சலோ இக்கிருமியைத் தானாகவே கொன்றுவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். வயல் வேலைக்குப் பின் காய்ச்சலும் கடும் தசைவலியும் வந்தால், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விவசாயிகளுக்குத் தரப்படும் தடுப்பு மாத்திரையைப் பற்றியும் விதைப்புக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

லெப்டோஸ்பைரா உடலுக்குள் உண்மையில் எப்படி மாறுகிறது என்பதை அறிய, ஆய்வாளர்கள் அதை நுண்துளைப் பைகளில் அடைத்து எலியின் வயிற்றறைக்குள் வைத்து வளர்த்தார்கள். ஊட்டமும் உப்பும் உடற்சூடும் பைக்குள் போகும். நிர்ப்பீடனக் கலங்கள் போகமாட்டா. சில நாள்கள் கழித்து எடுத்துப் பார்த்தபோது, 30 பாகையில் குழாயில் வளர்ந்தவற்றிலிருந்து அவற்றின் பரம்பரையலகுச் செயற்பாடு பலவகையில் மாறியிருந்தது. அந்த மாணவியின் தந்தையை வீழ்த்திய கிருமி, அவர் காலடியில் வயல் நீரில் நீந்தியபோது இருந்த அதே கோலத்தில் அவருடைய குருதிக்குள் இருக்கவில்லை.