காற்றைச் சுவாசிக்கும் பெட்டாவுக்கு ஃபில்டர் எதற்கு?

கேள்வி: பெட்டா மீனை 2 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கிறேன். அது காற்றைச் சுவாசிக்கும், ஃபில்டர் வேண்டாம் என்றார் கடைக்காரர். வாரம் இருமுறை தண்ணீரை முழுவதுமாக மாற்றியும் அடியிலேயே சோர்ந்து கிடக்கிறது. துடுப்பின் ஓரமும் கரைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. பெட்டாவின் தலைக்குள், செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்ற உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால், ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் சமாளித்துவிடும். ஆனால் அதன் கழிவு எங்கே போகும்? செவுள் வழியே வெளியேறும் அமோனியா சின்னக் குடுவையில் சீக்கிரமே சேர்ந்துவிடும். அதுதான் செவுளையும் துடுப்பையும் அரிக்கிறது. தண்ணீரை முழுவதும் மாற்றும்போது வெப்பநிலையும் சட்டென்று மாறுவதால், மீனுக்கு அது இன்னொரு அதிர்ச்சி.

20 லிட்டர் தொட்டி வாங்குங்கள். உயரத்தைவிட அகலம் முக்கியம். நீளத் துடுப்பை இழுத்துக்கொண்டு அடிக்கடி மேலே வர வேண்டிய மீன் இது. ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். அந்த ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியாதான் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அது நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதுவரை தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால், அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் கிடைத்தால் காத்திருப்பு நன்றாகவே குறையும். அப்புறம், வாரம் ஒருமுறை கால்வாசி மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். புதிதாக ஊற்றும் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைக் கலப்பதும் கட்டாயம்.

வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். அறை அதைவிடக் குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் வேண்டும். துள்ளி வெளியே விழும் மீன் என்பதால் மூடி போடுங்கள், தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே காற்றுக்கு இடம் விட்டு. பிளாஸ்டிக் செடி துடுப்பைக் கிழிக்கும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற உயிர்ச்செடிகள் குறைந்த வெளிச்சத்திலும் வளரும். தீனி, வேளைக்கு 2 அல்லது 3 சின்னக் குருணை, தினம் இருவேளை. துணைக்கு என்று இன்னொரு ஆண் பெட்டாவை மட்டும் விடவே வேண்டாம்!

துடுப்புக்கு உடனே மருந்து ஊற்ற அவசரப்படாதீர்கள். தண்ணீர் சரியானால் ஓரத்தில் கண்ணாடிபோல மெல்லிய புது வளர்ச்சி தெரியும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தும் கரைதல் உடலை நோக்கி ஏறினால், அப்போது பாக்டீரியா தொற்றுக்கான மருந்தை, தனிப் பாத்திரத்தில் வைத்துக் கொடுங்கள். தொட்டியிலேயே ஊற்றினால் ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவும் சாகக்கூடும்.