எஸ்டேட் கேட்டுக்கு ஃபைபர் இழுத்தால் இடி பயம் போய்விடுமா?

கேள்வி: சேலத்தில் சிசிடிவி பொருத்தும் டெக்னீஷியன் நான். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் வேலை வந்திருக்கிறது. பங்களாவிலிருந்து கேட் 600 மீட்டர். முன்பு யாரோ காப்பர் லேன் கேபிளை இழுத்து, நடுவில் ஸ்விட்சுகள் வைத்திருக்கிறார்கள். கோடை மழை இடியில் இரண்டு முறை எல்லாம் எரிந்துவிட்டது. ஃபைபருக்கு மாற்றினால் சரியாகுமா? இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் இல்லை, கையாலேயே முனையில் பொருத்தும் ஃபாஸ்ட் கனெக்டர் போதுமா?

பதில்: மாற்றுங்கள், தயங்க வேண்டாம். காப்பர் லேனுக்கு எல்லை 100 மீட்டர். 600 மீட்டர் போக வேண்டுமென்றால் நடுவில் ஐந்து ஸ்விட்ச், ஐந்துக்கும் கரண்ட். இடிக்கு அத்தனை வாசல் திறந்துவைத்த மாதிரிதான். ஆனால் "ஃபைபர் போட்டாச்சு, இனிமேல் எரியாது" என்று எஸ்டேட்காரரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது, சரி. அதைச் சுமக்கும் கேபிளில் போகும். கடையில் மலிவாகக் கிடைக்கும் டிராப் கேபிள் பலவற்றில் தாங்குவதற்கென்று ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. ஆர்மர்டு கேபிள் என்றால் சுற்றிலும் உலோகம். சில்வர் ஓக் மரங்களின் மேல் அதைக் கட்டினால், மலையில் 600 மீட்டருக்கு ஒரு கம்பியைத்தான் நீட்டி வைக்கிறீர்கள். உலோகமே இல்லாத, எஃப்ஆர்பி (கண்ணாடி நார் பிளாஸ்டிக்) குச்சி வைத்த சிங்கிள் மோட் (நீண்ட தூரத்துக்கான ஃபைபர் வகை) கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். நுனியை வெட்டிக் காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நிழல் மரம் கவாத்து செய்யும்போது கிளை விழுந்து அறுபடும். இழுத்துச் சேர்க்க வசதியாக அங்கங்கே பத்து மீட்டர் சுருள் விடுங்கள்.

அடுத்தது கரண்ட். பலரும் சறுக்குவது இங்கேதான். ஃபைபர் போட்டுவிட்டு, கூடவே பங்களாவிலிருந்து ஒரு கரண்ட் ஒயரையும் கேட்டுக்கு இழுத்தால் இடிக்குப் பழைய பாதை அப்படியே இருக்கிறது. 12 வோல்ட்டாக அனுப்பலாமே என்றால் அதுவும் நடக்காது: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அரை ஆம்பியர் போனால், போக வர 1,200 மீட்டரில் சுமார் 7 வோல்ட் தொலைந்துபோகும். கேமராவுக்குப் போய்ச் சேர்வது ஐந்து வோல்ட்.

கேட்டிலேயே சோலார் வைப்பது நல்லது. கேமராவும், ஃபைபர் ஒளியையும் லேன் சிக்னலையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும் சேர்ந்து 10 வாட் என்றால் ஒரு நாளைக்கு 240 வாட்-அவர். 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் வெயிலே இல்லாமல் இரண்டரை நாள் ஓடும். ஏற்காட்டில் மூட்டம் போட்டால் எத்தனை நாள் என்பது உங்களுக்கே தெரியும், பேனலைத் தாராளமாகப் போடுங்கள். கேட் தூணிலும் பங்களாவிலும் தனித்தனி எர்த், இடியால் திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் திருப்பிவிடும் சர்ஜ் புரொடெக்டர் இருக்கட்டும். கொட்டேஷனில் முதலில் அடிபடுவது இந்த வரிதான், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஃபாஸ்ட் கனெக்டர் விஷயத்துக்கு வருவோம். வெறும் கணக்கில் தாராளமாகப் போதும். 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் இழப்பு, உங்கள் தூரத்துக்கு 0.2 வரும். இரண்டு முனைக்கும் அரை அரை டெசிபல் போனாலும் கன்வெர்ட்டருக்கு அது பொருட்டே இல்லை. தொல்லை ஈரத்தில். மலைக் குளிரும் பனியும் மாறி மாறி அடித்தால் ஃபாஸ்ட் கனெக்டரில் இழை நகர்ந்து, ஒருநாள் படம் விட்டுவிட்டு வரும். அதற்காக மெஷின் வாங்க வேண்டாம். கேபிள் டிவி, பிராட்பேண்ட் வேலை பார்க்கும் ஒருவரை அரைநாள் கூலிக்கு அழைத்துப்போய் இரண்டு முனையிலும் பிக்டெயில் (கனெக்டர் பொருத்தியே வரும் சிறு இழைத் துண்டு) ஸ்ப்ளைஸ் போட்டுவிடுங்கள். ஃபாஸ்ட் கனெக்டர் அவசரத்துக்குப் பையில் இருக்கட்டும்.

ஒற்றை இழை கன்வெர்ட்டர் என்றால் ஒரு முனைக்கு ஏ, மறுமுனைக்கு பி; ஒன்று அனுப்பும் அலைநீளத்தை மற்றது வாங்கும். இரண்டும் ஏ என்றால் லிங்க் வராது. பச்சைக் கனெக்டரை (முனை சாய்வாக இருக்கும்) நீல சாக்கெட்டில் (சாய்வில்லாத முனைக்கானது) சொருகாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, பனி. கேமராவிலேயே இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சம் பனித்துளியில் பட்டுத் திரும்பி, ராத்திரிப் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். அதை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் தனி ஐஆர் விளக்கு வையுங்கள். அது ஓடும் நேரத்தையும் சோலார் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.