ஞாயிற்றுக்கிழமை போட்ட டைம்டேபிள் புதன்கிழமை ஏன் உடைகிறது?

இந்த முறை, வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானும் முழுநேர வேலையில் இருந்தபடி நான்கு வருடம் தொலைநிலையில் படித்தவள். அதனால் சில பதில்கள் நீளமாகப் போயிருக்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 29. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் ஆறு மணிக்குத்தான் வெளியே வருவேன், போக வர இரண்டு மணி நேரம். மேலே போக ஒரு தேர்வு எழுதியாக வேண்டும், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. தினமும் இரவு எட்டு முதல் பதினொன்று வரை என்று டைம்டேபிள் போடுகிறேன். திங்களும் செவ்வாயும் சரியாகப் போகும். புதன்கிழமை எப்படியோ விட்டுப்போகும், அன்று விட்டால் வியாழனும் போய்விடும், அப்புறம் "சரி, அடுத்த திங்களிலிருந்து" என்று நினைத்துக்கொள்வேன். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. கூட வேலை பார்க்கும் ஒருவர் இதே தேர்வுக்குச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மட்டும் மன உறுதியே கிடையாதா?

பதில்: பதினொரு மணி நேரத்தை வேலைக்கும் பயணத்துக்கும் கொடுத்துவிட்டு வந்து, அதற்கு மேல் மூன்று மணி நேரம், அதுவும் இரண்டு நாள் தொடர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மன உறுதி இல்லாதவர் செய்கிற காரியமா இது? கோளாறு டைம்டேபிளில் இருக்கிறது. நீங்கள் கணக்குப் பிரிவு என்பதால் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 24 மணி நேரம். வேலையும் பயணமும் 11, தூக்கம் 7, குளிப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது, வீட்டில் நாலு வார்த்தை பேசுவது எல்லாம் சேர்த்து 4 என்று வையுங்கள். மொத்தம் 22. மிச்சம் இருப்பது இரண்டே இரண்டு மணி நேரம், அதில் நீங்கள் மூன்று மணி நேரம் படிக்கத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றாவது மணி எங்கிருந்து வருகிறது என்றால் தூக்கத்திலிருந்து வருகிறது, அதாவது திங்கள் ஒரு மணி நேரக் கடன், செவ்வாய் இன்னொரு மணி நேரம், புதன்கிழமை காலையிலேயே இரண்டு மணி நேரத் தூக்கக் கடனோடு எழுந்து ஆபீஸ் போகிறீர்கள். அன்று மாலை புத்தகத்தைத் திறக்க முடியவில்லை என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக உட்கார்ந்து டைம்டேபிள் போடுகிற ஆள் வேறு, புதன்கிழமை இரவு பையை இறக்கி வைக்கிற ஆள் வேறு. இரண்டு பேரும் நீங்கள்தான். ஆனால் திட்டம் போடும்போது புதன்கிழமை ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனிமேல் அவரை மனதில் வைத்துப் போடுங்கள்.

நான் சொல்வது இதுதான்: வார நாட்களில் 40 நிமிடம் போதும். சனி, ஞாயிறு காலையில் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு 380 நிமிடம் ஆகிறது. ஐந்து மாதத்தில் சுமார் 21 வாரம் இருக்கிறது, பெருக்கிப் பாருங்கள், 133 மணி நேரம். பாடம் அதற்கும் அதிகமாகக் கேட்டால் சனி ஞாயிறில் கூட்டிக்கொள்ளுங்கள், வார நாள் இரவைத் தொடாதீர்கள். 40 நிமிடம் என்றால் உங்களுக்குச் சின்னதாகத் தெரியும், இவ்வளவுதானா என்று மனசு கேட்கும், அதைக் கேட்டுவிட்டு முதல் வாரமே 90 நிமிடமாக்கிவிடாதீர்கள். நான் அப்படித்தான் முதல் வருடம் இரண்டு பாடத்தில் தோற்றேன். நன்றாகப் போகிற வாரத்தில் ஆசையாகக் கூட்டினேன். மோசமான வாரத்தில் அந்த அளவு எட்டவில்லை, எட்டாததால் மொத்தமாக விட்டேன்.

இன்னொன்று, மோசமான நாளுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். ஆபீஸில் நேரமாகி ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தீர்கள் என்றால் அன்றைக்குப் பத்து நிமிடம், ஒரே ஒரு கணக்கு, அவ்வளவுதான், முடித்துவிட்டுத் தூங்கப் போங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பெரிதாக எதுவும் கற்கப்போவதில்லை, ஆனால் மறுநாள் உட்காரும்போது "விட்டதைத் தொடங்க வேண்டும்" என்ற கனம் இருக்காது.

"இரவு எட்டு மணி" என்பதையும் மாற்றுங்கள். கடிகாரத்தை நம்பினால், எட்டேகாலுக்கு வீட்டுக்கு வருகிற நாளில் திட்டம் ஏற்கெனவே உடைந்ததாகிவிடும். தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள்: சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் இந்த நாற்காலியில் உட்கார்வேன், 84ஆம் பக்கத்தைத் திறப்பேன் என்று. எங்கே, எப்போது, எந்தப் பக்கம் என்ற மூன்றும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். 1997இல் வெளியான அவருடைய ஓர் ஆய்வில், மாணவர்கள் விடுமுறையில் ஒரு சின்ன அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும், அவர்களில் ஒரு பாதியினரிடம் மட்டும் எங்கே எப்போது எழுதப்போகிறீர்கள் என்று குறித்துத் தரச் சொன்னார்கள். சொன்ன நேரத்துக்குள் முடித்தவர்கள் அந்தப் பாதியில் மற்றப் பாதியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். முடிவெடுக்கும் வேலை முன்பே முடிந்துவிட்டால், களைத்துப் போன ஆளுக்குச் செய்வது மட்டும்தான் மிச்சம்.

"அடுத்த திங்களிலிருந்து" என்ற நினைப்புக்கும் ஒரு பதில் இருக்கிறது. 21 நாள் செய்தால் பழக்கம் வந்துவிடும் என்று எங்கும் சொல்கிறார்கள், அது ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு. நோயாளிகள் தங்கள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் சொன்னார், படிப்பைப் பற்றி இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவர் குழுவும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் வந்த நடுத்தர அளவு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது (12 வாரத்தைத் தாண்டியவை கணக்கிட்டுச் சொன்ன மதிப்பீடு). உங்கள் சக ஊழியரோடு உங்களை ஒப்பிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அதே ஆய்வில் உங்களுக்கு வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. புதன்கிழமை விட்டுப்போனால் போகட்டும். வியாழன்தான் முக்கியம், வியாழக்கிழமைக்காக எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுங்கள்.

கேள்வி: மன உறுதி என்பது பெட்ரோல் மாதிரி, காலையில் டேங்க் நிறைந்திருக்கும், மாலையில் காலியாகிவிடும் என்று படித்தேன். என் வேலையில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களின் கோபத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் இரவில் எனக்குப் படிக்கவே வராதா?

பதில்: இந்தக் கருத்து 1998இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் உடன் இருந்தவர்களும் செய்த சோதனைகளிலிருந்து பிரபலமானது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 2,000க்கும் அதிகமானவர்களை வைத்து மறுபடி சோதித்தபோது அந்த விளைவு கிட்டத்தட்ட இல்லை என்றே வந்தது. ஆகவே "டேங்க் காலி" என்று நீங்களே உங்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் களைப்பு நிஜம். பசி நிஜம், நாள் முழுக்க வாங்கிய திட்டும் நிஜம். வந்ததும் சாப்பிடுங்கள், முகம் கழுவுங்கள், ஒரு கால் மணி நேரம் யாரோடும் பேசாமல் இருங்கள். அப்புறம், படிப்பு என்றால் எல்லாம் ஒரே வேலை என்று நினைக்காதீர்கள். புதிய பாடத்தைப் புரிந்துகொள்வது ஒரு வகை, புரிந்த பாடத்தில் பயிற்சிக் கணக்கு போடுவது இன்னொரு வகை, பழைய கேள்வித்தாளைப் பார்த்து விடை சரிபார்ப்பது, குறிப்பு எடுப்பது எல்லாம் வேறு வகை. புதியதை விடுமுறைக் காலைக்கு ஒதுக்குங்கள். இரவுக்கு ஏற்கெனவே தெரிந்ததில் பயிற்சி. எனக்கு இரண்டாம் வருடத்தில்தான் இது புரிந்தது, அதுவரை இரவு பத்து மணிக்குப் புள்ளியியலில் புது அத்தியாயம் திறந்துவைத்து ஒரே பத்தியை நாலு தடவை படித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: அதிகாலையா, இரவா? எது நல்லது?

பதில்: உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறதோ அது. இரண்டு வாரம் இப்படி, இரண்டு வாரம் அப்படி என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதிகாலையில் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், அது பெரிய லாபம். ஆனால் ஐந்து மணிக்கு எழ வேண்டுமென்றால் பத்து மணிக்குப் படுக்க வேண்டும், அதைச் செய்யாமல் எழுந்தால் தூக்கத்தைத் திருடியதாகத்தான் ஆகும். படித்தது நினைவில் பதிவதற்கே தூக்கம் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலோப் தபால் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பார். அவர் அதற்குத் தன் மன உறுதியை மட்டும் நம்பவில்லை. தன்னை எழுப்பிவிட ஒரு வயதான பணியாளரை ஏற்பாடு செய்து, அதற்காக வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார், எழுதியதற்கெல்லாம் அந்த மனிதருக்கும் தான் கடமைப்பட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. உங்களுக்கும் ஒருவர் இருக்கட்டும், காலையில் போன் அடித்து "உட்கார்ந்தாச்சா?" என்று கேட்கிற ஒரு நண்பர் போதும்.

கேள்வி: சனிக்கிழமை ஐந்து மணி நேரம் படித்தது செவ்வாய்க்கிழமை சுத்தமாக மறந்துவிடுகிறது. வயதாகிவிட்டதோ? (எனக்கு 41.)

பதில்: வயதுமேல் பழி போடாதீர்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து 1885இல் முடிவுகளை வெளியிட்டார், அப்போது அவருக்கு 35 வயதுதான். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. அர்த்தமுள்ள பாடம் அவ்வளவு வேகமாகப் போகாது, ஆனாலும் போகும், எல்லோருக்கும் போகும்.

உங்களுடைய ஐந்து மணி நேரத்தை மூன்று நாளாகப் பிரியுங்கள். அதைவிட முக்கியம், திரும்பப் படிப்பதைக் குறைத்துப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனையில் மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பகுதியினர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதியவர்கள் நன்றாகவே முந்தியிருந்தார்கள். திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி ஓர் எண்ணம் வருகிறதே, அது நம்மை ஏமாற்றுகிறது. எழுதும்போது கஷ்டமாக இருக்கும், பாதி வராது, மனசு சோர்ந்துபோகும். அந்தக் கஷ்டத்தில்தான் பாடம் பதிகிறது, அதனால் விடாதீர்கள். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிடம் நேற்றுப் படித்ததை வெள்ளைத்தாளில் எழுதிவிட்டு, விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். தொடங்குவதற்கும் அது நல்ல வழி, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

கேள்வி: போனை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

பதில்: வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். பாடமே போனில் இருக்கிறது என்றால் முந்தின நாளே தேவையான பக்கங்களை அச்செடுத்து வையுங்கள், நேரம் பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள், நான்கு வயது, ஒன்றரை வயது. வேலைக்கும் போகிறேன். பட்டப்படிப்பில் மூன்றாம் பருவம். குழந்தைகள் தூங்கியதும் படிக்கலாம் என்றால் அவர்களோடு நானும் தூங்கிவிடுகிறேன். கணவர் "முடிந்தால் படி, இல்லையென்றால் விடு" என்கிறார். சுய கட்டுப்பாடு இல்லையே என்று தினமும் அழுகையாக வருகிறது.

பதில்: அம்மா, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு உங்களுக்குத் தூக்கம் வருவது சுய கட்டுப்பாட்டுக் குறைவில்லை. அந்தத் தூக்கம் உங்களுக்குத் தேவை, தூங்குங்கள்.

உங்கள் விஷயத்தில் பழக்கம், டைம்டேபிள் எல்லாம் இரண்டாவது. வீட்டில் இருக்கிற நேரம் யாருடையது என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். "முடிந்தால் படி" என்று சொல்வது பெருந்தன்மை மாதிரி தெரிகிறது, ஆனால் முடியும்படி ஏற்பாடு செய்வது யார் என்ற கேள்வியை அது உங்கள் தலையில் வைத்துவிடுகிறது. சண்டையாக வேண்டாம், ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். வாரத்தில் மூன்று முறை, ஒன்றே கால் மணி நேரம், இரண்டு குழந்தைகளும் முழுக்க அவர் பொறுப்பு. எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருந்தால் குழந்தை கதவைத் தட்டும், உங்கள் மனசும் அங்கேதான் இருக்கும், அதனால் முடிந்தால் வெளியே ஒரு நூலகத்துக்கோ தோழி வீட்டுக்கோ போய்விடுங்கள். குழந்தையை அவர் வேறு மாதிரி சாப்பிட வைப்பார், வேறு மாதிரி தூங்க வைப்பார். அதைத் திருத்தப் போகாதீர்கள்.

அதோடு, இந்தப் பருவத்தில் எத்தனை பாடம் எடுத்திருக்கிறீர்கள்? ஐந்து என்றால், இரண்டைத் தள்ளிப்போட விதி இடம் தருகிறதா என்று படிப்பு மையத்தில் கேளுங்கள். பட்டம் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாமதமாக வந்தால் குறையொன்றும் இல்லை. நான் மூன்று வருடப் படிப்பை நான்கு வருடத்தில் முடித்தேன், அதன் பிறகு போன எந்த வேலையிலும் யாரும் அந்த நாலாவது வருடத்தைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கணவரோடு பேசியபின் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், சரிவரவில்லை என்றாலும் எழுதுங்கள், வேறு வழி இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.