ட்ரெய்லரும் நண்டும்: ஒரிகன் கடற்கரைக்குக் கிளம்புமுன் சில கேள்விகள்

கேள்வி: சியாட்டிலில் இருக்கிறோம். நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஜூனில் பத்து நாள் ஒரிகன் கடற்கரை நெடுக, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டியான ட்ரெய்லரில் போய்வர ஆசை. எங்கள் எஸ்.யூ.வி. 5,000 பவுண்டு இழுக்கும். ஒரு டீலரிடம் 3,900 பவுண்டு எடையுள்ள பழைய ட்ராவல் ட்ரெய்லர் இருக்கிறது. "உங்கள் வண்டி தாராளமாக இழுக்கும், இந்த வாரமே முடித்துவிடுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்த வாரம் வேண்டாம். அந்த ட்ரெய்லர் உங்கள் வண்டிக்குச் சரிப்படும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

டீலர் சொன்ன 3,900 என்பது காலி எடை. தண்ணீர், கேஸ், பாத்திரம், படுக்கை, துணிமணி எதுவும் அதில் சேராது. ஒரு கேலன் தண்ணீர் எட்டே கால் பவுண்டுக்கு மேல். 30 கேலன் நிரப்பினால் 250 பவுண்டு வந்துவிடும். இரண்டு சிலிண்டர் கேஸ் 40, பேட்டரி 50, ஐந்து பேருக்குப் பத்து நாள் சாமான் குறைத்துப் போட்டாலும் 500. ஆக, சாலையில் இறங்கும்போது ட்ரெய்லர் 4,700 பவுண்டைத் தாண்டியிருக்கும். ஐயாயிரத்துக்குள்தானே இருக்கிறது என்பீர்கள். சிக்கலே அங்கேதான்.

ட்ரெய்லர் பின்னால் மட்டும் உருண்டு வருவதில்லை. அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் உங்கள் வண்டியில் ட்ரெய்லரை மாட்டும் கொக்கிமேல், அதாவது ஹிட்ச்மேல், உட்காருகிறது. இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். 4,700-க்கு இது 470-இலிருந்து 700 பவுண்டு வரை. இப்போது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் எண் இருக்கும். அதுதான் பேலோடு. 1,200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் 600, பெட்டியும் ஐஸ் பாக்ஸும் 150, ஹிட்ச் சாமான் 50. மிச்சம் 400. அதன்மேல் 470-ஐயோ 700-ஐயோ எப்படி ஏற்றுவீர்கள்? வண்டியின் பின்பக்கம் தாழும், முன் டயர்களுக்குப் பிடிமானம் குறையும். கடல்முனைகளைச் சுற்றி வளையும், கடற்கரையோர 101-ஆம் நெடுஞ்சாலையில் பக்கவாட்டில் காற்று அறையும்போது ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண்ணை விட, கதவுத்தூணில் சின்னதாக அச்சடித்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். அந்த எண்ணை டீலர் உங்களிடம் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்குக் கவலை.

ஹிட்ச்சிலேயே ஓர் எல்லை எழுதியிருக்கும், மேனுவலில் இன்னொன்று இருக்கும். இவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. ட்ரெய்லர் பிரேக்கை இயக்க வண்டிக்குள் பிரேக் கன்ட்ரோலர் வேண்டும்; அதைப் பொருத்தும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

என் யோசனை இது. முதல் முறை வாடகைக்கு எடுங்கள். ட்ரெய்லரைக் கேம்ப்சைட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தி, தண்ணீரும் கரண்டும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அதுதான் பொருத்தம். இழுக்கும் கவலையே இல்லை. நீங்களே இழுப்பதானால் உங்கள் கார் இன்ஷூரன்ஸ்காரரிடம் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வாடகை ட்ரெய்லருக்கே சேதம் வந்தால் யார் கொடுப்பது? பொதுவாக நீங்கள் அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்குத்தான் கார் பாலிசி வரும்.

பயணம் முடிந்தும் வாங்கும் ஆசை இருந்தால், இன்னும் இலகுவான ட்ரெய்லராகத் தேடுங்கள். பழையது வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நீர்க்கசிவு. ஜன்னலுக்குக் கீழே, கூரை மூலையில், அலமாரியின் உள் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டிய சுவர் மெத்தென்று உள்ளே போனால், உள்ளிருக்கும் மரம் ஊறிவிட்டது. அதோடு வெளியே வந்துவிடுங்கள். வெளிச்சுவரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், கசிவிருந்தால் கொப்புளமும் தெரியும். டயரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆன ட்ரெய்லர் டயரை மாற்றத்தான் வேண்டும், அதை விலையில் பேசுங்கள். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் குளிரப் பல மணி நேரம் ஆகும். முந்தைய நாளே ஓடவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரிகனில் விற்பனை வரி இல்லை, அங்கே போய் வாங்கினால் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் பதிவு செய்யும்போது, வெளியே வாங்கியதற்குப் போடும் யூஸ் டாக்ஸ் என்ற வரியை அதே அளவில் கட்ட வேண்டிவரும். திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டியை வாங்கியவரைக் காக்க காருக்கு இருக்கும் லெமன் சட்டமும் பல மாநிலங்களில் இழுத்துச் செல்லும் ட்ரெய்லருக்குக் கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன்பே பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: வாடகை ட்ரெய்லரைக் கடற்கரையில் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தோம். "உப்புக் காற்றில் துரு" என்று டெபாசிட்டில் கழித்துவிட்டார்கள். நியாயமா?

பதில்: ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லையென்றால் நியாயமில்லை. ஒரு வாரத்தில் புதிதாகப் பிடிக்கும் துரு மேலோட்டமானது. தகடு அரித்துப்போயிருந்தால் அது பழைய துரு. எந்தப் பாகம், எந்தத் தேதியில் எடுத்த படம் என்று எழுத்தில் கேளுங்கள். வாடகைக்கு எடுத்தது ஓர் இணையதளத்தின் வழியாக என்றால் அங்கேயே புகார் பதியுங்கள். இனிமேல் எடுக்கும்போது அடிச்சட்டம், படிக்கட்டு, ஹிட்ச் ஆகியவற்றையும் வீடியோவில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். திருப்பும் முன் அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிவிட்டால் பேச்சுக்கே இடமிருக்காது.

கேள்வி: நடைப்பயணம்தான் எங்களுக்கு முக்கியம். ட்ரெய்லரோடு எங்கெங்கே தங்கலாம்?

பதில்: தினம் ஓர் ஊர் என்று திட்டம் போடாதீர்கள். ஒரிகனில் 101-ஆம் நெடுஞ்சாலை ஏறக்குறைய 360 மைல். ஒவ்வொரு நாளும் ட்ரெய்லரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் நடக்கத் தெம்பிருக்காது. மூன்று இடம் போதும். வடக்கே கேப் லுக்அவுட் என்ற கடல்முனை. முனையின் நுனிவரை காட்டுக்குள் ஒரு வழிக்கு இரண்டரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு, சேறு நிறைய இருக்கும். நடுவில் நியூபோர்ட் பக்கம் பெவர்லி பீச் அல்லது சவுத் பீச். தெற்கே சன்செட் பே; அங்கிருந்து ஷோர் ஏக்கர்ஸ் வழியாகக் கேப் அராகோ வரை பாறை விளிம்பிலேயே நடக்கலாம், கடல் சிங்கங்கள் கத்துவது தூரத்திலேயே கேட்கும். எனக்குப் பிடித்த பாதை இதுதான். இன்னும் தெற்கே போக நேரமிருந்தால் ப்ரூக்கிங்ஸின் ஹாரிஸ் பீச்சில் தங்கி, சாமுவேல் போர்ட்மன் பூங்காவின் கடற்பாறைகளைப் பாருங்கள். ட்ரெய்லரைக் கேம்ப்சைட்டில் விட்டுவிட்டு வெறும் வண்டியில் போங்கள். பாதைத் தொடக்கத்து நிறுத்துமிடங்கள் பல சின்னவை.

மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும், கோடை இடங்கள் சீக்கிரம் போய்விடும். பதியும்போது அந்த சைட்டின் நீளத்தைப் பாருங்கள். வெளிமாநிலத்தவருக்கு, ட்ரெய்லர் போன்ற வீட்டு வண்டிகள் நிற்கும் ஆர்.வி. சைட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் உண்டு, பட்ஜெட்டில் சேருங்கள். கடற்கரையில் நடக்கக் கட்டணம் கிடையாது. 1967-இல் போட்ட சட்டத்தால் மணல்வெளி முழுவதும் மக்களுக்குத் திறந்திருக்கிறது. ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், அலைநுனியில் கிடக்கும் மரத்துண்டின்மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். திடீரென்று ஏறிவரும் ஒரே அலை அந்த மரத்தைப் புரட்டி ஆள்மேல் போட்டுவிடும்.

கேள்வி: போன ஆகஸ்ட் தொடக்கத்தில் படகுத்துறையில் உயிர் நண்டு வாங்கினோம். வேகவைத்து உடைத்தால் கால் நிறையத் தண்ணீர், சதையே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? நாங்களே பிடித்தால் நல்லதா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. இந்தக் கடற்கரையில் கிடைக்கும் டன்ஜனெஸ் நண்டு கோடையில் ஓடு கழற்றும். புது ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே சதை நிரம்ப மாதக்கணக்காகும். வாங்கும்போது பின்னங்காலின் தடித்த பகுதியை விரலால் அழுத்துங்கள். வளைந்து கொடுத்தால் அது இளகிய நண்டு, அதை வைத்துவிட்டு வேறு கேளுங்கள். ஓட்டில் கீறலும் ஒட்டுயிர்களும் இருந்து, கையில் கனத்தால் நல்ல நண்டு. அப்படிப்பட்டதிலும் முழு எடையில் கால்வாசிதான் சதை தேறும். முழு நண்டின் விலையை நான்கால் பெருக்கி, உரித்து விற்கும் சதையின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உரித்த சதைக்குக் கேட்பது கொள்ளை விலை இல்லை என்று தெரியும். ஆகஸ்டில் போனால் நண்டை விட்டுவிட்டு, படகிலேயே விற்கும் அல்பகோர் சூரையை வாங்குங்கள். அந்தப் பருவத்தில் அதற்கு ஈடில்லை.

நீங்களே பிடிக்கலாம். கழிமுகங்களில் வருடம் முழுக்க அனுமதி உண்டு. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் நண்டு, சிப்பி வகைகள் பிடிப்பதற்கான ஷெல்ஃபிஷ் லைசென்ஸ் வேண்டும். ஆண் நண்டு மட்டும், அகலம் 5¾ அங்குலத்துக்குக் குறையாமல், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12. 

மட்டி, பாறையில் ஒட்டி வளரும் சிப்பியான மஸ்ஸல் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2024 மே மாதம் ஒரிகன் கடற்கரையில் தாங்களே பொறுக்கிய மஸ்ஸலைத் தின்ற இருபதுக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். அந்த மஸ்ஸலில் நஞ்சு சேர்ந்திருந்தது. அது கொதிக்கவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. நிறமோ வாசனையோ காட்டிக்கொடுக்காது. பொறுக்கப் போகும் அன்று காலை ஒரிகன் வேளாண்மைத் துறையின் ஷெல்ஃபிஷ் அறிவிப்பைப் பாருங்கள். மூடியிருக்கிறது என்றால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்; விற்பனைக்கு வருவது சோதிக்கப்பட்டது. நண்டிலும் நஞ்சு தங்குவது குடலில்தான், அதனால் முதலில் சுத்தம் செய்து குடலை எறிந்துவிட்டு அப்புறம் வேகவையுங்கள். சாப்பிட்ட பிறகு உதடோ நாக்கோ மரத்தால் காத்திருக்காமல் 911-ஐக் கூப்பிடுங்கள்.